பீலித் தண்ணீரும் லீக்ஸ் பாத்தியும்

இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் கணக்குப் பீலியில் (கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு, பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய்) மார்ச் மாத வெயிலிலும் விரல் தடிமனுக்காவது தண்ணீர் விழும், கீழ் கணக்குப் பீலியோ தைப்பொங்கல் முடிந்து சில வாரங்களிலேயே சொட்ட ஆரம்பித்துவிடும். மழை இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்றுக்கு மேலே இன்னும் வெட்டாத காடு இருக்கிறது, மற்றதற்கு மேலே உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்ட மரக்கறிப் பாத்தி.

காடு மழையைக் கூட்டிவரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, எங்கள் உயரத்தில் அதைவிட நேரடியான வேலை ஒன்று நடக்கிறது. மலையுச்சியில் இருக்கும் ஹோட்டன் சமவெளிப் பக்கம் போனால் பார்க்கலாம், மரங்கள் குட்டையாக, கிளையெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். மூடுபனி அவற்றின் ஊடே போகும்போது இலையிலும் பாசியிலும் ஒட்டி, துளியாகத் திரண்டு கீழே சொட்டும். மழைமானியை வெட்டவெளியில் வைத்தால் இந்தத் தண்ணீர் கணக்கிலேயே வராது, ஆனால் மண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே மக்கிய இலை மெத்தை மாதிரி கிடக்கிறது, அதற்கடியில் செத்த வேர் விட்டுப்போன துளையும் மண்புழு போன வழியுமாக மண்ணெல்லாம் பொந்து. எவ்வளவு அடித்துப் பெய்தாலும் பெரும்பகுதி உள்ளே இறங்கி, மாதக்கணக்கில் ஊற்றாகக் கசியும். மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் தலை ஊற்று அந்தச் சமவெளியில்தான்.

அதே சரிவைக் கொத்திப் பாத்தி போட்டால், மழைத்துளி வெறும் மண்ணில் நேரே அடிக்கும், மண்துகள் உடைந்து பொந்துகளை அடைக்கும், மேலே தோல் மாதிரி ஒரு படை இறுகும். அப்புறம் தண்ணீர் இறங்காது, ஓடும், மண்ணையும் இழுத்துக்கொண்டு. தேங்கினால் கிழங்கு அழுகும் என்று பாத்தியைச் சரிவோடு இறக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. அவர்கள் கஷ்டம் அவர்களுக்கு. வெலிமடைப் பக்கத்து மண் உமா ஓயா ஆற்றில் இறங்கி ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் போய்ப் படிகிறது, போன மண்ணுக்குப் பதிலாக இங்கே உர மூட்டை வாங்குகிறோம்.

தேயிலையைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் நன்றாக மூடி வளர்ந்த தேயிலை மண்ணை நன்றாகவே காக்கும். கவ்வாத்து வெட்டிய பின், அதாவது செடியைக் கிளையோடு குட்டையாக வெட்டிவிட்ட பின், சில மாதங்களும், இடையிடையே செடி செத்து மொட்டையான பழைய விதைத் தேயிலை (விதை போட்டு வளர்த்தது) மலைகளும்தான் ஆபத்து.

சரி, இருக்கிற நிலத்திலேயே விளைச்சலைக் கூட்டினால் காடு தப்பாதா? பாதி உண்மை. 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது விளைச்சல் எப்படிச் சரிந்தது என்று பார்த்தோம். அப்படியே நீடித்திருந்தால் அதே அளவு கிழங்குக்குக் கூடுதல் நிலம் வேண்டியிருக்கும். ஆனால் மறுபக்கமும் உண்டு: ஒரு ஏக்கர் லீக்ஸ் நல்ல லாபம் தந்தால், பக்கத்துக் காட்டோரம் இன்னொரு ஏக்கராகத்தான் கண்ணில் படும். அதனால் விளைச்சலோடு ஓர் எல்லைக்கோடும் வேண்டும். 1873இலேயே ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் 5,000 அடிக்கு மேலே காட்டை வெட்டாதீர்கள் என்று ஆலோசனை சொன்னார், அதற்குள் கோப்பி நிறையக் காட்டைத் தின்றிருந்தது. நுவரெலியா நகரமே 6,000 அடிக்கு மேலே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை ஏக்கர் காடு என்பதைவிட அது எங்கே நிற்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. உச்சி, ஊற்றுக்கண், ஓடையின் இரு கரை, கால் நிற்காத செங்குத்து. இவற்றைக் காட்டுக்கு விட்டுவிட்டு நடுச்சரிவில் கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டிப் பயிர் செய்யலாம். காலியாகக் கிடக்கிற மலையில் பைன் மரத்தை நட்டுக் காடு என்று கணக்குக் காட்டுவது வேறு கதை, அதன் அடியில் போய்ப் பாருங்கள், ஊசி இலை தவிர ஒன்றும் பெரிதாக முளைத்திருக்காது.

மொட்டையான தேயிலையைப் புதுப்பிக்கவும் வழி இருக்கிறது. பழைய செடியைப் பிடுங்கி, ஒன்றரை இரண்டு வருடம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றி, அப்புறம் வீ.பி. கன்று, அதாவது விதையில்லாமல் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்த கன்று, நடுவார்கள். அதில் ஒழுங்காகக் கொழுந்து எடுக்க இன்னும் சில வருடம். அவ்வளவு காலமும் அந்த மலையில் வரவு இல்லை, அதனால்தான் மறுநடுகை இழுத்துக்கொண்டே போகிறது.

மரக்கறிக்காரருக்கும் இதே பிரச்சினைதான். கீழ் கணக்குப் பீலிக்கு மேலே ஊற்றுக்கண்ணை ஒட்டிப் பாத்தி வைத்திருப்பவரிடம், அந்தக் கால் ஏக்கரையாவது மரத்துக்கு விடுங்களேன் என்று ஒருநாள் கேட்டேன். "விடலாம் தம்பி, அதில் வாற லீக்ஸ் காசை யார் தாறது, கீழே குளிக்கிற நீங்களா?" என்றார்.