அப்டேட் ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள்

சென்ற வியாழக்கிழமை காலை நான் கடையைத் திறப்பதற்கு முன்பே வாசலில் ஓர் இளைஞர் காத்திருந்தார். கையில் துண்டில் சுற்றிய கேமரா ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை வரவேற்பு, சனிக்கிழமை அதிகாலை முகூர்த்தம் என்று அடுத்தடுத்து வேலை ஒப்புக்கொண்டிருந்தவர், புதன்கிழமை இரவு 11.30 மணிக்கு பாடியின் (லென்ஸ் நீங்கலான கேமராவின்) ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள் நிரலைப் புதுப்பிக்க உட்கார்ந்திருக்கிறார். "ஸ்கிரீன்ல ஓடுற ப்ரோக்ரஸ் பார் பாதிக்கு வந்து நின்னுடுச்சு அண்ணே. ஆறு நிமிஷம் பார்த்தேன், நகரவே இல்லை. ஹாங் ஆயிடுச்சுன்னு நினைச்சு பேட்டரியைக் கழட்டிப் போட்டேன்" என்றார். அதன் பிறகு அந்தக் கேமராவின் திரை ஒளிரவில்லை, ஷட்டர் அசையவில்லை, சுவிட்சைத் திருப்பினால் சின்ன விளக்குகூட எரியவில்லை.

இந்த மாதத்தில் இப்படி என் மேசைக்கு வந்த மூன்றாவது பாடி இது. மூன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் கேமராக்கள், மூன்று உரிமையாளர்களும் ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாதவர்கள். ஆனால் மூவரும் செய்த காரியம் ஒன்றே. கழற்றிய நிமிடம் வரை அந்தக் கேமராக்களில் எந்தப் பழுதும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று இங்கே விரிவாக விளக்கப் போவதில்லை. அதைப் பதிவிறக்கி கார்டில் போடத் தெரிந்தவர்களுக்கு அது தெரிந்தே இருக்கும். நான் பேச விரும்புவது, பார் நின்றுவிட்டால் கேமராவும் நின்றுவிட்டது என்று பலரும் உறுதியாக நம்பும் அந்த ஒரே எண்ணத்தைப் பற்றித்தான்.

திரையில் தெரியும் அந்தக் கோடு, நீங்கள் நினைப்பது போல நேரத்தை அளப்பதில்லை. செய்து முடித்த கட்டங்களைத்தான் அது எண்ணுகிறது. ஒரு கட்டம் இரண்டு நொடியில் முடியலாம், அடுத்த கட்டத்துக்கு நான்கு நிமிடம் ஆகலாம், இரண்டுக்கும் கோட்டில் ஒதுக்கிய இடம் ஒரே அளவாக இருக்கலாம். ஆகவே கோடு முதல் நிமிடத்தில் விறுவிறுவென்று பாதி தூரம் ஓடியதை வைத்து, மீதிப் பாதியும் ஒரு நிமிடத்தில் முடியும் என்று கணக்குப் போடுவதற்கு எந்த அடிப்படையும் இல்லை. நின்றுபோன கோட்டுக்குப் பின்னால் கேமரா தன் வேலையிலேயே மிக ஆபத்தான பகுதியைச் செய்துகொண்டிருக்கக்கூடும், அந்த நேரத்தில்தான் உங்கள் விரல் பேட்டரி மூடிக்குப் போகிறது.

அப்படி என்ன வேலை என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். கேமராவின் நிரல் ஃபிளாஷ் நினைவகத்தில் இருக்கிறது. அந்த நினைவகத்தில் பழைய எழுத்தின் மேல் புதிய எழுத்தை நேரடியாக எழுத முடியாது. முதலில் ஒரு தொகுதி முழுவதையும் அழித்துச் சுத்தமாக்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். ஒற்றை எழுத்தை மட்டும் அழிக்க முடியாத, துடைத்தால் முழுவதையும் துடைத்தாக வேண்டிய சிலேட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அழிக்கும் வேலை, படிப்பதோடு ஒப்பிட்டால் மிக மெதுவானது. எழுதிய பின், எழுதியது சரியாக விழுந்திருக்கிறதா என்று திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வேலையும் உண்டு. கோப்பு மாடலைப் பொறுத்துச் சில பத்து எம்பி முதல் சில நூறு எம்பி வரை இருக்கும். அதற்கு மேல், பல மாடல்களில் ஒரே கோப்புக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட சில்லுகளுக்கான நிரல் அடங்கியிருக்கும். பிரதானச் செயலிக்கு எழுதி முடித்த பிறகு மற்றொரு துணைச் சில்லுக்கு எழுதும்போது, கோடு அசையாமலும் திரை அணைந்தும் ஒளிர்ந்தும் கேமரா தானாகவே ஒருமுறை நின்று தொடங்குவதும் முற்றிலும் இயல்பானவை.

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. போன் திணறினால் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்கிறோம், மறுபடி போட்டால் நன்றாக ஓடுகிறது. கம்ப்யூட்டரிலும் அப்படியே செய்து பழகிவிட்டோம். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இயங்குதளத்தின் இரண்டு பிரதிகள் இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். புதியது எழுதி முடியும் வரை பழையது அப்படியே இருக்கும், இடையில் மின்சாரம் போனாலும் பழையதைக் கொண்டு போன் எழுந்துவிடும். கேமராக்கள் எல்லாவற்றிலும் அந்த வசதி இருக்கிறது என்று நம்பிக் கை வைக்காதீர்கள். பழையது அழிந்துவிட்டது, புதியது முழுமையாக எழுதப்படவில்லை என்ற நிலையில் பேட்டரி கழன்றால், கேமராவுக்கு எழுந்திருக்கும் வழியே தெரியாமல் போய்விடும். தொடக்க நிரல் தனிப்பகுதியில் பத்திரமாக இருந்து, மறுபடி கார்டைப் போட்டால் அப்டேட்டை முதலிலிருந்து ஏற்றுக்கொள்ளும் பாடிகளும் உண்டு. உங்களுடையது அந்த வகையா என்று பேட்டரியைக் கழற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அந்த வழி அடைபட்டிருந்தால் மெயின் போர்டு மாற்றுவதுதான் மிச்சம், பழைய மாடல்களில் அந்தச் செலவு அதே பாடியின் செகண்ட் ஹேண்ட் விலையை நெருங்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அப்படியானால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று கேட்பீர்கள். கேனான், நிக்கான், ஃபியூஜிஃபில்ம் பாடிகளில் கார்டு வழியாகச் செய்யும் அப்டேட் பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சோனி ஏ7 மார்க் 3 போல கம்ப்யூட்டருடன் கேபிளில் இணைத்துச் செய்யும் பாடிகளில் 10 முதல் 15 நிமிடம் வரை ஆவது சாதாரணம். பதிவிறக்கும் பக்கத்திலேயே உங்கள் மாடலுக்கு ஆகும் தோராய நேரத்தைப் பல நிறுவனங்கள் எழுதியிருக்கும், தொடங்குவதற்கு முன் அதைப் படியுங்கள். அந்த நேரம் தாண்டிவிட்டது என்பதற்காகத் தொட்டுவிடாதீர்கள். என் மேசையில் நான் கடைப்பிடிக்கும் அளவு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் முழுவதும் திரையிலோ கார்டு விளக்கிலோ எந்த மாற்றமும் இல்லாவிட்டால்தான் நான் அதைச் சந்தேகிக்கத் தொடங்குவேன்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியைப் போடுங்கள் என்று கேனானும் நிக்கானும் குறிப்பிலேயே எழுதுகிறார்கள், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சார்ஜ் இருந்தால் அப்டேட்டைத் தொடங்கவே மறுக்கும் பாடிகளும் உண்டு. அந்தத் தடையை நம்பி, பாதி சார்ஜில் "எப்படியும் கேமராவே சொல்லும்" என்று தொடங்குகிறவர்கள் அதிகம். உங்களிடம் இருப்பது நிறுவனத்தின் பேட்டரியாக இல்லாமல் சந்தையில் வாங்கிய டூப்ளிகேட்டாக இருந்தால், அது காட்டும் சார்ஜ் அளவை அப்படியே நம்ப முடியாது. மூன்று கட்டம் காட்டிக்கொண்டே இருந்து சட்டென்று அணைந்துவிடும் பேட்டரிகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். மூன்று ஆண்டு திருமணங்களில் உழைத்து உப்பிப்போன ஒரிஜினல் பேட்டரியும் இந்த வேலைக்கு ஆகாது. இருப்பதிலேயே புதிய ஒரிஜினல் பேட்டரியைச் சார்ஜரில் முழுமையாக ஏற்றி, கீழே மாட்டும் பேட்டரி கிரிப் இருந்தால் கழற்றிவிட்டு, நேரடியாகப் பாடியில் போட்டுச் செய்யுங்கள்.

கேபிள் வழியாகச் செய்கிறவர்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. மடிக்கணினி சார்ஜரில் இருக்கட்டும், தானாகத் தூங்கப் போகும் அமைப்பை அணைத்து வையுங்கள், ஹப் எதுவும் இல்லாமல் நேரடித் துளையில் கேபிளைச் செருகுங்கள். வீடியோவுக்குப் பயன்படுத்திப் பயன்படுத்தித் துளை தளர்ந்துபோன பாடிகளில் கேபிள் லேசாக அசைந்தாலே இணைப்பு அறும். அத்தகைய பாடியை முதலில் துளை சரிசெய்யக் கொண்டுவாருங்கள், அப்டேட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கோப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவிறக்கியது ஜிப்பாக வந்திருந்தால் பிரித்து, உள்ளிருக்கும் கோப்பை மட்டும் கார்டின் முதல் தளத்தில் போட வேண்டும், படங்கள் இருக்கும் டி.சி.ஐ.எம். கோப்புறைக்குள் போடக் கூடாது. இரண்டு முறை பதிவிறக்கியதால் பெயரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்ந்துகொண்டால் கேமராவுக்கு அந்தக் கோப்பு தெரியாது, ஃபியூஜிக்காரர்கள் இதில் அடிக்கடி சிக்குகிறார்கள். கார்டை கேமராவிலேயே ஃபார்மட் செய்து, வேறு எதுவும் இல்லாமல் அந்த ஒரு கோப்பை மட்டும் வையுங்கள். ஃபார்மட் செய்யும் முன் படங்களை எடுத்து வைத்துவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். வேறொரு மாடலுக்கான கோப்பின் பெயரை மாற்றிப் போட்டுப் பார்க்கும் வேலையை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு இனி அப்டேட்டே வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அதுவும் எனக்கு வருத்தமே. 2019 மே மாதம் நிக்கான் இசட்6, இசட்7 பாடிகளுக்கு வந்த 2.00 பதிப்பில்தான் கண்ணைப் பின்தொடரும் ஆட்டோஃபோகஸ் அவற்றுக்குக் கிடைத்தது. 2022 ஏப்ரலில் இசட்9-க்கு வந்த 2.00 பதிப்பு, பாடிக்குள்ளேயே நொடிக்கு 60 படச்சட்டங்கள் கொண்ட 8கே ரா (கேமரா பதப்படுத்தாத மூல) வீடியோ பதிவு செய்யும் திறனைச் சேர்த்தது. காசு கொடுத்து வாங்கிய பாடிக்குப் பிறகு இலவசமாக வரும் இத்தகைய வசதிகளை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்போது செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. நம் ஊரில் திருமணப் படப்பிடிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆடி மாதம் என்று ஒன்று இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத அந்த நாட்களில் ஒரு நாள் காலை, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் உட்காருங்கள். அப்போது கோடு 20 நிமிடம் நின்றாலும் உங்களுக்குப் பதற்றம் வராது. வைகாசியில், மறுநாள் வேலையை வைத்துக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் நள்ளிரவுக்கு முன் தொடங்குகிறவருக்கு ஆறாவது நிமிடமே ஒரு மணி நேரமாகத் தெரியும். புதிய பதிப்பு வந்த அன்றே போட வேண்டிய கட்டாயமும் இல்லை. நான் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டே போடுகிறேன், ஏனெனில் வந்த வேகத்தில் நிறுவனமே திரும்பப் பெற்ற பதிப்புகள் உண்டு. புதிய பதிப்பால் சிக்மா, டாம்ரான் லென்ஸ்களுக்கும் தனி அப்டேட் தேவைப்படுவதுண்டு, அதற்கும் சேர்த்தே நேரம் ஒதுக்குங்கள். பொத்தான் அமைப்புகளையும் வீடியோ புரொஃபைல்களையும் முன்கூட்டியே வேறொரு கார்டில் சேமித்தோ போனில் படம் பிடித்தோ வைத்துக்கொண்டால், அவை அழிந்துபோனாலும் மறுபடி அமைக்க முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் கோடு நின்று, ஒரு மணி நேரமும் கடந்துவிட்டால், பேட்டரியைத் தொடுவதற்கு முன் சர்வீஸ் சென்டருக்கோ உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கோ ஒரு போன் செய்யுங்கள். திரையில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள். கார்டு விளக்கு எரிகிறதா, பாடி சூடாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால், முதலில் சுவிட்சை அணைத்து, சிறிது நேரம் பொறுத்து, பிறகு பேட்டரியை எடுத்து, சில நிமிடங்கள் கழித்து முழுச் சார்ஜ் உள்ள வேறொரு பேட்டரியைப் போட்டு, கார்டை உள்ளேயே வைத்துக்கொண்டு ஒரே ஒருமுறை தொடங்கிப் பாருங்கள். எழவில்லை என்றால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டு எடுத்துப் பார்த்த பிறகு, அந்த கார்டையும் ஃபார்மட் செய்துவிட்டு, வெறும் பாடியோடு வருகிறவர்களிடம் எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க எனக்கு எந்தத் தடயமும் கிடைப்பதில்லை.

இரண்டு வாரம் முன்பு குழந்தைகளைப் படம் எடுக்கும் ஒரு சகோதரி இதே போல இரவில் அழைத்தார். கோடு முக்கால் பங்கில் நின்று 14 நிமிடம் ஆகிவிட்டது, கழற்றட்டுமா என்று குரல் நடுங்கக் கேட்டார். கேமராவை மேசையில் அப்படியே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், அரை மணி நேரம் கழித்து மட்டும் போய்ப் பாருங்கள் என்றேன். 25 நிமிடத்தில் அவரே திரும்ப அழைத்தார், கேமரா தானாக அணைந்து எழுந்து, மெனுவில் புதிய பதிப்பு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை வந்த இளைஞருக்கு வெள்ளி, சனி இரண்டு நாள் வேலைக்கும் என் பழைய பாடியைக் கொடுத்து அனுப்பினேன். அவருடைய கேமரா இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது, போர்டு வருவதற்காகக் காத்திருக்கிறோம்.