அங்கன்வாடிப் பணியாளரின் தலைமைப் பண்பை வளர்ப்பது எப்படி?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. அதன்கீழ் தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. முன்பருவக் கல்வி, இணை உணவு, எடை-உயர அளவீடு, கர்ப்பிணிகளுக்கான ஆலோசனை என எல்லாப் பொறுப்பும் பெரும்பாலும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் ஆகிய இருவர் மீதே விழுகிறது. ஆயினும் தலைமை என்ற பேச்சு எழுந்தால் திட்ட அலுவலரும் மேற்பார்வையாளரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்துவரும் அனுபவத்தில், இந்தப் பார்வை குழந்தைகளின் கற்றலையே பாதிக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

மூன்று வயதுக் குழந்தையை 'அ' எழுத வைக்குமாறு பெற்றோர் வற்புறுத்துவது எல்லா ஊரிலும் உண்டு. பக்கத்துத் தனியார் பள்ளியில் எழுதுகிறார்களே என்ற அவர்களின் கவலையும் நியாயமானதே. அந்த நேரத்தில் பணிந்துபோய்ச் சிலேட்டைக் கையில் கொடுக்காமலும், முகம் சுளித்துத் திருப்பி அனுப்பாமலும், களிமண் பிசைவதும் மணி கோப்பதும் விரல்களை எழுத்துக்கு ஆயத்தப்படுத்துகின்றன என்பதை அந்தக் குழந்தையின் செயலைக் காட்டியே விளக்கும் பணியாளர்தான் என் கணிப்பில் தலைவர். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டம் அவர் கையில் இருக்கிறது. அதை ஊரின் முன் நின்று காக்கும் துணிவைத்தான் நாம் வளர்க்க வேண்டும்.

அந்தத் துணிவு சொற்பொழிவால் வருவதில்லை. ஒரு மேற்பார்வையாளரின் கீழுள்ள மையங்களின் பணியாளர்கள் மாதந்தோறும் கூடும் செக்டார் கூட்டமே அதற்கு ஏற்ற இடம். ஆனால் பல கூட்டங்கள் பதிவேடுகளைச் சரிபார்ப்பதிலும் குழந்தைகளின் ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் விடுபட்ட பதிவுகளைக் கேட்பதிலுமே முடிந்துவிடுகின்றன. அதில் அரை மணி நேரத்தையாவது ஒதுக்கி, ஒரு பணியாளர் தம் மையத்தில் நடத்திய கதை நேரத்தையோ விளையாட்டையோ செய்துகாட்டவும், மற்றவர்கள் கேள்வி கேட்கவும் வாய்ப்பளிக்க வேண்டும். மூத்தவர்களையே ஒவ்வொரு முறையும் அழைக்காமல், பேசத் தயங்குபவருக்கும் முறை வருமாறு பார்த்துக்கொள்வது அவசியம். தம் அனுபவத்தைச் சக பணியாளர்கள் குறிப்பெடுப்பதைக் கண்ட ஒருவர், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தயக்கமின்றிப் பேசுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேற்பார்வையாளரின் வருகையும் மாற வேண்டும். வந்தவுடன் வருகைப் பதிவேட்டைத் திறப்பதைவிட, குழந்தைகளோடு சற்று நேரம் அமர்ந்து கவனித்துவிட்டு, "அந்தக் குழந்தை ஏன் ஒதுங்கியே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது பணியாளரைச் சிந்திக்க வைக்கும். உதவியாளரையும் இந்த உரையாடலில் சேர்க்க வேண்டும். சமையலோடு அவர் வேலை முடிந்துவிடுவதில்லை. அழும் குழந்தையைத் தேற்றுபவரும், எந்த வீட்டில் என்ன சிக்கல் என்று அறிந்தவரும் பெரும்பாலும் அவரே.

ஊதியத்தை விட்டுவிட்டு இதைப் பேசுவது முறையாகாது. இப்பணியாளர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் (பணி முடியும்போது ஒரு தொகை வழங்க வகைசெய்யும் சட்டம்) பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எனினும் மத்திய அரசின் திட்டத்தில் அவர்கள் இன்னும் முறையான ஊழியர்களாக அல்லாமல், மதிப்பூதியம் பெறுபவர்களாகவே கருதப்படுகிறார்கள். எனவே, மற்ற மையங்களுக்குச் சென்று வழிகாட்டுமாறு ஒருவரைக் கேட்டுக்கொண்டால், அவருடைய பயணச் செலவை ஏற்பதோடு, அன்று அவர் மையத்தைக் கவனிக்க மாற்று ஆளையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.