டிஸ்க் நிறையும்போது யாரெல்லாம் விழுகிறார்கள்? பகிர்வு சர்வரில் மவுண்ட் பாயின்ட் பிரிக்கும் கணக்கு

நாற்பது பேர் லாகின் செய்யும் ஒரு லினக்ஸ் சர்வர். இன்ஸ்டாலர் கேட்டதற்கெல்லாம் ‘சரி, சரி’ என்று அழுத்தியதில் மொத்த டிஸ்க்கும் ஒரே ரூட் (/) பார்ட்டிஷன் ஆகிவிட்டது. ஒருவர் இரவில் ஓடவிட்ட ஸ்கிரிப்ட், பிழை வந்தும் நிற்காமல் அதே பிழைச் செய்தியை ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகிறது. வரிக்கு 200 பைட், விநாடிக்கு 5,000 வரி என்றால் விநாடிக்கு 1 எம்பி. மணிக்கு 3.6 ஜிபி, எட்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 29 ஜிபி. விடியும்போது டேட்டாபேஸ் எழுத மறுக்கிறது, மெயில் வரிசை நின்றுவிட்டது, தானாக ஓடிய பேக்கேஜ் அப்டேட் பாதியில் தொங்குகிறது. தப்பு நடந்தது பயனர்களின் கோப்புகள் இருக்கும் /ஹோமில், அடி வாங்கியது சேவைகள் எழுதும் /வார்.

மவுண்ட் பாயின்ட் என்பது ஒரு தனி ஃபைல்சிஸ்டம் வந்து ஒட்டும் டைரக்டரி. அதைப் பிரிப்பது வீட்டுக்குள் சுவர் எழுப்புவது மாதிரி. எந்த டைரக்டரியைப் பிரிக்க வேண்டும் என்று பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு கேள்விகள் போதும்: இங்கே யார் எழுதுகிறார்கள்? எவ்வளவு வேகமாக வளரும்? லாகின் உள்ள எவரும் எழுதக்கூடிய இடமும், சிஸ்டம் உயிரோடு இருக்கத் தேவையான இடமும் ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருக்கக் கூடாது. யாரும் எழுதக்கூடிய இடம் என்றதும் /ஹோமும் தற்காலிகக் கோப்புகளின் /டெம்ப்பும் எல்லோருக்கும் நினைவு வரும். /வார்/டெம்ப் வராது. அதுவும் எல்லோருக்கும் திறந்த வீடுதான். /வாரைப் பிரித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பல சர்வர்களில், ஒரு பயனர் நினைத்தால் அந்த வழியாகவே /வாரை நிரப்பிவிட முடியும்.

500 ஜிபி டிஸ்க், நாற்பது பயனர்கள் என்று வைத்துக்கொண்டால் இப்படித் தொடங்கலாம். இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு அரை ஜிபி, /பூட்டுக்கு 1 ஜிபி. மிச்சம் முழுவதும் எல்விஎம், அதாவது டிஸ்க்கை வால்யூம்களாக வெட்டி, பிறகு நீட்டவும் விடும் ஏற்பாடு. அதற்குள் ரூட் 30, /வார் 30, /வார்/லாக் 10, /வார்/டெம்ப் 10, /டெம்ப் 10, /ஹோம் 200, குழுக்களின் பொது வேலைக்கு /எஸ்ஆர்வி 80, ஸ்வாப் 8. கூட்டினால் 378. சுமார் 120 ஜிபி யாருக்கும் கொடுக்காமல், வால்யூம்களின் பொதுக் கிடங்கான வால்யூம் குரூப்பிலேயே கிடக்கும். இந்த 120 தான் திட்டத்தின் உயிர். எந்த இடம் எவ்வளவு வளரும் என்று முதல் நாளே சரியாகச் சொன்னவர் எவரும் இல்லை. கையில் மிச்சம் இருந்தால், எது நிறைகிறதோ அதை எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையால், சர்வரை நிறுத்தாமல், ஒரு நிமிடத்தில் நீட்டிவிடலாம். ‘ஆர்’ ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுத்தால் வால்யூமோடு ஃபைல்சிஸ்டமும் சேர்ந்து நீளும். அதை மறந்துவிட்டு, ‘நீட்டியும் டிஎஃப்பில் பழைய அளவே காட்டுகிறதே’ என்று (டிஎஃப் என்பது ஃபைல்சிஸ்டங்களின் இடக்கணக்கு காட்டும் கட்டளை) குழம்புவது வழக்கமான காட்சி.

நீட்டுவது சுலபம், சுருக்குவதுதான் வில்லங்கம். ஃபைல்சிஸ்டம் வகைகளில் ஈஎக்ஸ்டி4-ஐச் சுருக்க அன்மவுண்ட் செய்தாக வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸை நடைமுறையில் சுருக்கவே முடியாது. பேக்கப் எடுத்து, அழித்து, புதிதாக உருவாக்கித் திரும்பக் கொட்ட வேண்டும். அதனால்தான் முதலிலேயே தாராளமாகக் கொடுத்துவிடாதீர்கள் என்கிறோம். சின்னதாகக் கொடுத்தால் நீட்டிக்கொள்ளலாம். பெரிதாகக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

நிரல்கள் இருக்கும் /யூசரைப் (usr) பிரிக்க வேண்டாம். இன்றைய டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வெளியீடுகளில்) /பின், /எஸ்பின், /லிப் எல்லாமே /யூசருக்குள் போகும் வெறும் லிங்குகள். பிரித்தால் பூட் ஆவதில் சிக்கல் கூடுமே தவிர லாபம் இல்லை. கன்டெய்னர் ஓட்டும் சர்வர் என்றால் /வார்/லிப்/டாக்கர் மட்டும் கட்டாயம் தனி வால்யூம். டாக்கரின் வழக்கமான ஜேசன் லாகுக்கு, நாம் சொல்லாதவரை, அளவு வரம்பே கிடையாது.

/வார்/லாகைப் பிரிப்பதில் வெளியே தெரியாத ஒரு லாபம் உண்டு. சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல், தான் இருக்கும் ஃபைல்சிஸ்டத்தில் 10 சதவீதம் வரைதான் எடுத்துக்கொள்ளும். அதுவும் 4 ஜிபிக்கு மேல் போகாது. லாக் தனி 10 ஜிபியில் இருந்தால் அந்த வரம்பு தானாகவே 1 ஜிபி ஆகிவிடும். பழைய பதிவுகள் நெடுநாள் வேண்டுமென்றால் ஜர்னல் கான்ஃபிகரேஷனில் அளவை நீங்களே எழுதுங்கள். இல்லாவிட்டால் போன மாதம் நடந்ததைத் தேடும்போது அது அங்கே இருக்காது.

/டெம்ப் பல டிஸ்ட்ரோக்களில் டெம்ப்எஃப்எஸ், அதாவது மெமரியில் இருக்கிறது. டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் இதற்கு மாறிவிட்டது. அளவு எதுவும் சொல்லாவிட்டால் டெம்ப்எஃப்எஸ் ரேமில் பாதி வரை வளரலாம். தனி ஆளின் லேப்டாப்பில் இது நல்ல ஏற்பாடு. பலர் பகிரும் சர்வரில் ஒருவர் 20 ஜிபி இடைக்காலக் கோப்பை /டெம்ப்பில் போட்டால் அது எல்லோருடைய மெமரியையும் தின்னும். அளவைக் கட்டுப்படுத்துங்கள், அல்லது டிஸ்க்கிலேயே தனி வால்யூம் கொடுங்கள். எங்கள் ஓட்டு இரண்டாவதற்கு.

சரி, /ஹோமைப் பிரித்தாயிற்று. ஆனால் அதற்குள் நாற்பது பேர் இருக்கிறார்களே? ஒருவர் 200 ஜிபியையும் நிரப்பினால் சிஸ்டம் பிழைக்கும், மற்ற முப்பத்தொன்பது பேர் பிழைக்க மாட்டார்கள். இங்கேதான் கோட்டா, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்ற இட வரம்பு. கோட்டா ஃபைல்சிஸ்டம் வாரியாகவே வேலை செய்யும் என்பதே /ஹோமைப் பிரிப்பதற்கு இன்னொரு பெரிய காரணம். எக்ஸ்எஃப்எஸ்ஸில் கோட்டா ஆப்ஷனை மவுண்ட் ஆகும்போதே கொடுக்க வேண்டும். ஏற்கெனவே மவுண்ட் ஆனதை ரீமவுண்ட் செய்து இயக்க முடியாது. ரூட் ஃபைல்சிஸ்டம் என்றால் பூட்டின்போது கர்னலுக்குத் தரும் வரியிலேயே எழுத வேண்டியிருக்கும். இந்தத் தொல்லையும் /ஹோம் தனியாக இருந்தால் இல்லை.

கோட்டாவில் சாஃப்ட், ஹார்ட் என்று இரண்டு வரம்பு. சாஃப்ட்டைத் தாண்டினால் வழக்கமாக 7 நாள் அவகாசம். அதற்குள் குறைக்காவிட்டால் எழுத விடாது. ஹார்ட்டைத் தொட்டால் அந்தக் கணமே மறுப்பு. அந்த மறுப்பு எப்படி வலிக்கும் என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். பல நிரல்கள் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது முதலில் அதை வெட்டிக் காலியாக்கிவிட்டு, பிறகு புதிய உள்ளடக்கத்தை எழுதும். வெட்டுவது வெற்றி பெறும். அதில் விடுபட்ட இடத்தை அதே பயனரின் பின்னணி வேலை ஒன்று எடுத்துக்கொண்டால், எழுதுவது தோற்கும். மிஞ்சுவது பூஜ்ய பைட் கோப்பு. பயனரின் பார்வையில் சர்வர் அவருடைய வேலையைத் தின்றுவிட்டது. ஆகவே சாஃப்ட் 4, ஹார்ட் 5 ஜிபி என்று நடுவே இடைவெளி விடுங்கள். சாஃப்ட்டைத் தாண்டியதும் பயனருக்கு மெயில் போகும்படி வார்ன்கோட்டா கட்டளையை, நேரப்படி வேலைகளை ஓட்டும் கிரானில் போடுங்கள். எச்சரிக்கை போகாத கோட்டா, கோட்டா இல்லாததைவிட மோசமான பகையை வளர்க்கும்.

குழுக்கள் பகிரும் /எஸ்ஆர்விக்குப் பயனர் கோட்டா பொருந்தாது, ஏனென்றால் அது கோப்பின் உரிமையாளர் பெயரில் கணக்குப் பார்க்கும். அங்கே தேவை புராஜெக்ட் கோட்டா. ஒரு டைரக்டரி மரத்துக்குள் யார் எழுதினாலும் மொத்தமாக ஒரே கணக்கு. எக்ஸ்எஃப்எஸ்ஸில் இது நெடுங்காலமாக உண்டு. ஈஎக்ஸ்டி4-க்கு 2016-இல் கர்னல் 4.5-உடன் வந்தது. அந்த டைரக்டரிகளுக்கு செட்ஜிஐடி பிட்டோடு 2770 அனுமதி கொடுங்கள், புதிய கோப்புகள் குழுவின் பெயரிலேயே பிறக்கும். புதிய கோப்பின் அனுமதியைக் குறைக்கும் உமாஸ்க் 022 ஆக இருந்தால் குழுவினரால் படிக்க மட்டுமே முடியும், திருத்த முடியாது. அதற்கு இயல்புநிலை ஏசிஎல் (கூடுதல் அனுமதிப் பட்டியல்) வைப்பதே நிரந்தரத் தீர்வு.

இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்று வந்தால், கோப்புக்கு ஒன்று தேவைப்படும் பதிவான ஐநோடைப் பாருங்கள். ஈஎக்ஸ்டி4 உருவாக்கும்போது 16 கேபிக்கு ஒரு ஐநோட் என்ற விகிதத்தில் எண்ணிக்கை நிலையாகிவிடும். 100 ஜிபிக்கு சுமார் 65 லட்சம். சின்னச் சின்னக் கோப்புகளாகக் கொட்டும் மெயில் பெட்டிகள், பேக்கேஜ் கேஷ்கள் இதைத் தின்று முடிக்கும். பின்னால் விகிதத்தை மாற்ற முடியாது. எக்ஸ்எஃப்எஸ் தேவைக்கேற்ப ஐநோடை ஒதுக்குவதால் அப்படிப்பட்ட இடத்துக்கு அதுவே நல்லது. ஈஎக்ஸ்டி4-இல் இன்னொன்று: ரூட் பயனருக்காக (நிர்வாகிக்காக) 5 சதவீதம் ஒதுக்கி வைத்திருக்கும். ரூட் வால்யூமில் அது நெருக்கடியில் கைகொடுக்கும் கையிருப்பு, தொடாதீர்கள். 4 டிபி டேட்டா வால்யூமில் அதுவே 200 ஜிபி சும்மா கிடப்பது. டியூன்2எஃப்எஸ்ஸில் 1 சதவீதமாகக் குறைத்துவிடலாம்.

மவுண்ட் ஆப்ஷன்களில், பயனர் எழுதும் எல்லா இடத்துக்கும் நோடெவ் (சாதனக் கோப்புகள் செல்லாது), நோசூயிட் (உரிமையாளரின் அதிகாரத்தில் நிரல் ஓடாது) இரண்டும் தயங்காமல் போடலாம். நிரல் ஓடுவதைத் தடுக்கும் நோஎக்ஸெக் அப்படியல்ல. /டெம்ப்பில் போட்டால் சில இன்ஸ்டாலர்களும், நேட்டிவ் லைப்ரரியை அங்கே விரித்து ஏற்றும் ஜாவா நிரல்களும் புரியாத பிழையோடு விழும். /ஹோமில் போட்டால் தொகுத்த நிரலைப் பயனர் ஓட்டவே முடியாது. இத்தனைக்கும் ஷெல்லுக்கோ பைத்தானுக்கோ ஸ்கிரிப்ட்டை உள்ளீடாகக் கொடுத்து ஓட்டுவதை அது தடுப்பதில்லை. பூட்டு என்று நம்பிவிடாதீர்கள், வேகத்தடை அவ்வளவுதான்.

இனி எஃப்எஸ்டேப், அதாவது பூட்டின்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் கோப்பு. டிஸ்க்கை எஸ்டிபி1 என்று பெயர் சொல்லி எழுதினால், புதிய டிஸ்க் ஒன்று சொருகிய அன்று பெயர் மாறிப்போகலாம். மாறாத அடையாள எண்ணான யூயூஐடியை எழுதுங்கள், எல்விஎம் வால்யூமுக்கு அதன் சொந்தப் பெயரே போதும். கூடுதல் டிஸ்க் ஒன்று பூட்டின்போது கிடைக்காவிட்டால் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் உட்கார்ந்துகொள்ளும். எஸ்எஸ்ஹெச் வராது, கன்சோலுக்கு ஓட வேண்டும். அதனால் பேக்கப் டிஸ்க் போன்றவற்றுக்கு, கிடைக்காவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற நோஃபெயில் ஆப்ஷன் போடுகிறோம். போட்டதும் அடுத்த பள்ளம் திறக்கிறது. டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, சர்வர் எழுந்துவிட்டது, இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் ஓடுகிறது. /பேக்கப் என்ற டைரக்டரி காலியாக இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது இப்போது ரூட் ஃபைல்சிஸ்டத்தில் இருக்கிறது. ரூட் நிரம்புகிறது. காலையில் யாரோ டிஸ்க்கைச் சரிசெய்து மவுண்ட் செய்ததும், இரவு எழுதியவை அதன் அடியில் புதைந்து கண்ணுக்கு மறைகின்றன. டிஎஃப் ரூட் நிறைந்துவிட்டது என்கிறது. கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கட்டளையால் எண்ணினால் கணக்கு உதைக்கிறது.

தடுப்பு சுலபம். அன்மவுண்ட் நிலையில் அந்த வெற்று டைரக்டரிக்கு சிஎச்ஏடிடிஆர் மூலம் ‘ஐ’ அடையாளம் போடுங்கள். ரூட் பயனரால்கூட உள்ளே எழுத முடியாது, மவுண்ட் செய்வதற்கோ தடை இல்லை. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்து, இல்லையென்றால் வெளியேறச் சொல்லுங்கள். ஏற்கெனவே புதைந்திருந்தால், ரூட்டை /எம்என்டியில் பைண்ட் மவுண்ட் செய்து அங்கே டியூ ஓட்டுங்கள்; மேலே மூடியிருக்கும் மவுண்ட்கள் இல்லாமல் அடித்தளம் தெரியும்.

டிஎஃப்பும் டியூவும் முரண்பட இன்னொரு காரணமும் உண்டு: அழித்த கோப்பை ஏதோ ஒரு புராசஸ் இன்னும் திறந்து வைத்திருப்பது. 40 ஜிபி லாகை ஆர்எம் செய்தாலும் எழுதும் நிரல் அதை விடும்வரை இடம் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப்பை ‘+எல்1’ என்று ஓட்டினால் யார் பிடித்திருக்கிறார் என்று தெரியும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் போதும். லாகை அழிக்காமல் ட்ரங்கேட் செய்யப் பழகினால் இந்த வம்பே வராது.

எஃப்எஸ்டேப்பைத் திருத்தியதும் ஃபைண்ட்எம்என்டி வெரிஃபை, பிறகு சிஸ்டம்டி டீமன் ரீலோட், பிறகு ‘மவுண்ட் ஏ’. இந்த மூன்றும் முடியாமல் ரீபூட் செய்யாதீர்கள். நெட்வொர்க் வழி வேறொரு சர்வரிலிருந்து வரும் என்எஃப்எஸ்ஸை நேரடியாக ரூட்டுக்குக் கீழே மவுண்ட் செய்யாதீர்கள். எதிர்முனை தொங்கினால் ரூட்டில் ‘எல்எஸ் எல்’ அடிப்பதே உறைந்துபோகும். ஓர் அடுக்கு உள்ளே வையுங்கள், ஆட்டோமவுண்ட் கொடுங்கள். அந்த நேரத்தில் டிஎஃப்புக்கு ‘எல்’ ஆப்ஷன் கொடுத்து உள்ளூர் டிஸ்க்கை மட்டும் பார்க்கலாம்.

ஏற்கெனவே ஒரே பார்ட்டிஷனாக ஓடும் சர்வரில், காலி இடமோ புதிய டிஸ்க்கோ கிடைத்தால் முதலில் /ஹோமை வெளியே எடுங்கள். அதுதான் பயனர்களை வெளியேற்றிவிட்டு நிம்மதியாகச் செய்யக்கூடியது. /வாரை ரெஸ்க்யூ மோடில்தான் நகர்த்த வேண்டும். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் ஹார்ட் லிங்க், ஏசிஎல், நீட்டிப்புப் பண்புகள் மூன்றுக்கும் ஆப்ஷன் கொடுங்கள். கடைசியது விடுபட்டால் எஸ்ஈலினக்ஸ் பாதுகாப்பு லேபிள்கள் போய், நகர்த்திய பிறகு சேவைகள் ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கும். பழைய டைரக்டரியை /வார்.பழையது என்று பெயர் மாற்றி, புதிய வெற்று /வார் உருவாக்கி, மவுண்ட் செய்து, ரீபூட் செய்து பாருங்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியதும் பழையதை அழித்துவிடுங்கள். பெயர் மாற்றாமல் பழைய டைரக்டரியின் மேலேயே மவுண்ட் செய்திருந்தால், அந்தப் பழைய தரவு ரூட்டில் அப்படியே புதைந்து கிடக்கும்; அதை அழிக்க மறுபடி அந்தப் பைண்ட் மவுண்ட் வித்தைதான்.