ஈசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டு இருக்கு, வைத்தியசாலை பில்லுக்கு காசு வருமாங்க?

எங்க பெரியப்பா மிலிட்டரில ஹவில்தாரா இருந்து வந்தவருங்க, முட்டி வலியும் இடுப்பு வலியும் சர்வீஸ்லயே ஒட்டிக்கிட்டு வந்தது. போன ஐப்பசில ஒரு தனியார் வைத்தியசாலைல 14 நாள் தங்கி எண்ணெய் போட்டு ஒத்தடம் குடுத்ததுல வலி நெசமாவே கொறஞ்சுது, பொய் சொல்லக்கூடாது, ஆனா 22,000 ரூவா பில்லைத் தூக்கிட்டு ஈசிஎச்எஸ்காரங்களோட பாலிகிளினிக் போனா "ரெஃபரல் எங்கீங்க?"ன்னு, அதாவது அவங்க டாக்டர் எழுதிக் குடுக்கற அனுப்புற சீட்டைக் கேட்டாங்க, அதோட சரி.

ஈசிஎச்எஸ்ங்கறது 2003 ஏப்ரல் 1ல ஆரம்பிச்சது, பென்சன் வாங்கற முன்னாள் படைவீரர், அவங்க வீட்டுக்காரம்மா, அவங்களை நம்பி இருக்கற பிள்ளைங்க, அப்பா அம்மா எல்லாருக்கும் கேஷ்லெஸ் வைத்தியம். ஒரே ஒரு தடவை பணம் கட்டணும், ஹவில்தார் வரைக்கும் 30,000. 1996க்கு முன்னாடியே ரிட்டையர் ஆனவங்க கட்ட வேண்டியதில்லீங்க.

இதுல எல்லாரும் வழுக்கற எடம் ஒண்ணுதான். பொதுவா மொதல்ல பாலிகிளினிக், அங்க டாக்டர் பார்த்து ரெஃபரல் எழுதுவாரு, அதுக்கப்புறம் ஈசிஎச்எஸ் லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரி. நேரா போய் படுத்துக்கிட்டா காசு வராதுங்க. நெஞ்சு வலி, ஆக்சிடெண்ட்டுன்னா வேற கணக்கு, கெடைச்ச ஆஸ்பத்திரில சேர்த்துட்டு 48 மணி நேரத்துக்குள்ள பாலிகிளினிக்குக்கு தகவல் சொல்லிடணும், லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரின்னா மொதல்ல நீங்க கட்டிட்டு அப்புறம் வாங்கணும், அதுவும் சிஜிஎச்எஸ் ரேட்டுக்குத்தான், அதாவது மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டத்து ரேட்டுக்குத்தான் வரும். முட்டி வலியை எமர்ஜென்சின்னு சொல்லி ஒப்பேத்த முடியாதுங்க. சித்தா, ஆயுர்வேதா பார்க்கணும்னாலும் அட்வான்ஸ் கட்டறதுக்கு முன்னாடியே கோயம்புத்தூர் பாலிகிளினிக்ல ஆபிசர் இன்சார்ஜைப் பார்த்து இந்த எடம் லிஸ்ட்ல இருக்கா, ரெஃபரல் குடுப்பீங்களான்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. அங்க வேலை ஆகலீன்னா கோயம்புத்தூர்லயே ஈசிஎச்எஸ் ரீஜனல் சென்டர் இருக்கு.

அமெரிக்காவுல வெட்டரன்ஸ் டிபார்ட்மெண்ட் 2017லயே அக்குபஞ்சர், யோகா, மசாஜ், தியானம் எல்லாத்தையும் வைத்தியத்தோட சேர்த்துட்டாங்க. பாட்டன் காலத்துல இருந்து தைலம் தேய்க்கற ஊர்ல நாம இன்னும் பில்லுக்கு அலையறோம், என்னத்த சொல்ல.

பென்சன் இல்லாம சீக்கிரம் வந்தவங்களுக்கு பொதுவா ஈசிஎச்எஸ் கிடையாதுங்க. அவங்க கலெக்டர் ஆபீஸ் பக்கம் போறப்ப முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல வேற என்ன உதவி இருக்குன்னு கேட்டுக்கோங்க. 70 வயசு தாண்டினவங்களுக்கு 2024 அக்டோபர்ல இருந்து ஆயுஷ்மான் கார்டுல வருசம் 5 லட்சம் வரைக்கும் வைத்தியம் இருக்கு, ஆனா ஈசிஎச்எஸ் இருக்கறவங்க ரெண்டுல ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும், அட்மிசன் போட்டாத்தான் ஆயுஷ்மான், ஓபிக்கு செல்லாது, அதனால அவசரப்பட்டு மாத்தாதீங்க.

இன்னொண்ணு, சுகர் மாத்திரை சாப்பிடறவங்க லேகியம் வாங்கினா ரெண்டு டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, அதுல வெல்லமோ கருப்பட்டியோ இருக்கும்.

பெரியப்பா இப்ப ஜிஎச் சித்தா பிரிவுக்கு காத்தால பஸ்ஸுல போயிட்டு வர்றாரு, செலவு பஸ் காசுதான். உளுந்து தைலம் குடுத்து விடறாங்க, தேச்சு விடறது பெரியம்மா வேலை.