போருக்குப் போயி திரும்பாத நம்ம வீட்டு ஆள எங்க, எப்படித் தேடுறது? காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து ஆளுகளுக்கு ஒரு விளக்கம்

எங்க அப்பத்தா இருந்த வரைக்கும் ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு இலை தனியா போடுவாக. அது அவுக அண்ணனுக்கு. கல்லல் பக்கம் எங்க ஊர்ல இருந்து பட்டாளத்துல சேந்து கப்பலேறி மலேயா போனவரு, ரெண்டு மூணு மணியார்டர் வந்துச்சாம், அதுக்கப்பறம் ஒண்ணுமே வரல. என்னைக்கு செத்தாருன்னு தெரியாது, அதனால திதி கொடுக்க முடியாம அமாவாசைக்கு அமாவாசை கும்பிட்டாக. அப்பத்தா போன பிறகுதான் நான் தேட ஆரம்பிச்சேன், அப்பத்தான் தெரிஞ்சது இதுக்குன்னு முறையா ஒரு வழி இருக்கு, காசு செலவில்லாத வழி, நம்ம பக்கத்துல முக்காவாசிப் பேருக்கு அது தெரியவே இல்லன்னு. அதான் எழுதுறேன்.

மொதல்லயே ஒண்ண சொல்லிடுறேன். இதுல பேரன், கொள்ளுப்பேரனுக்குப் பணம் எதுவும் கிடையாது. "வெள்ளக்காரன் கவர்மெண்ட்ல இருந்து நஷ்டஈடு வாங்கித் தாறேன், ஃபைல் செலவுக்கு அஞ்சாயிரம் குடுங்க"ன்னு யாராவது வந்தா குடுக்காதீக. எங்க வீட்டுக்கே ஒருத்தர் வந்தாரு. கிடைக்கப்போறது பேரு, நம்பர், எந்தப் படை, செத்த தேதி, எந்தக் கல்லுல பேரு வெட்டியிருக்குங்கிற விவரம், இவ்வளவுதான். எனக்கு அது பெருசாத்தான் பட்டுச்சு.

காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன்னு ஒரு அமைப்பு இருக்கு. 1917 மே மாசம் ஆரம்பிச்சது. ரெண்டு உலகப் போர்லயும் செத்த பிரிட்டிஷ் காமன்வெல்த் படை ஆளுக எல்லாருக்கும், சுமார் 17 லட்சம் பேருக்கு, ஒண்ணு கல்லறை, இல்லன்னா நினைவுச் சின்னத்துல பேருன்னு வச்சு பாத்துக்கிறது இவுக வேலை. அப்ப இருந்த இந்தியப் படையும் இதுல சேத்தி. மொத போர்ல 74,000 பேருக்கு மேல, ரெண்டாவது போர்ல சுமார் 87,000 இந்திய சிப்பாய்க செத்திருக்காக. துப்பாக்கி தூக்குனவுக மட்டும்னு நெனைக்காதீக, கோவேறு கழுதை ஓட்டுனவுக, சமையல்காரவுக, துணி வெளுத்தவுக, லேபர் கோர்ங்கிற தொழிலாளர் படைல மண்ணு வெட்டுனவுக, படையோட பட்டியல்ல இருந்தா எல்லாரும் வருவாக.

ரூல் என்னன்னா, மொத போருக்கு 4 ஆகஸ்ட் 1914ல இருந்து 31 ஆகஸ்ட் 1921 வரை, ரெண்டாவது போருக்கு 3 செப்டம்பர் 1939ல இருந்து 31 டிசம்பர் 1947 வரை. இந்தத் தேதிக்குள்ள படையில இருக்கும்போது செத்திருந்தா போதும், குண்டடி பட்டுத்தான் சாகணும்னு இல்ல, மலேரியாவுல போனாலும் லாரி கவுந்து போனாலும் கணக்குதான். படைய விட்டு ஊருக்கு வந்தப்பறம் இறந்தவரா இருந்தாலும், அந்தத் தேதிக்குள்ள, படையில வந்த காயத்தாலயோ நோயாலயோ இறந்தாருன்னு காட்ட முடிஞ்சா அதுவும் செல்லும்.

இப்ப தேடுறது. கமிஷனோட வெப்சைட்ல ஃபைன்ட் வார் டெட்னு ஒரு தேடுற பக்கம் இருக்கு, இலவசம். நான் இங்கதான் மூணு மாசம் முட்டிக்கிட்டு நின்னேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

நம்ம ஆளுகளுக்கு ஒத்தப் பேருதான், அந்த ஒத்தப் பேர அவுக பெரும்பாலும் சர்நேம் கட்டத்துலதான் போட்டிருக்காக. ஃபோர்நேம்ல அடிச்சுத் தேடுனா ஒண்ணும் வராது. அடுத்தது ஸ்பெல்லிங். ரெக்ரூட்டிங் ஆபீஸ்ல உக்காந்திருந்த கிளார்க் காதுல எப்படி விழுந்துச்சோ அப்படி எழுதுனது. கருப்பையான்னா கே போட்டும் இருக்கும் சி போட்டும் இருக்கும், ஒத்தை பி, ரெட்டை பி, கடைசில ஹெச் வந்தாலும் வரும், வராமலும் போகும். முத்துச்சாமி ஸ்வாமி ஆகியிருப்பாரு, சாமி ஆகியிருப்பாரு, டிக்குப் பக்கத்துல ஹெச் இருந்தும் இருக்கும் இல்லாமலும் இருக்கும். ஒரு தாள்ல எழுத வாய்ப்புள்ள அத்தனை விதத்தையும் எழுதி வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா அடிங்க. படை எந்த நாடுங்கிற இடத்துல இந்தியன்னு வைக்க மறக்காதீக.

எல்லாத்தையும் விட முக்கியம் ஊர்ப் பேரு. சிவகங்கைங்கிற மாவட்டமே 1985ல தான் பிறந்துச்சு. 1940கள்ல காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் ராமநாதபுரம் ஜில்லா, இங்கிலீஷ் ரெக்கார்டுல அது "ராம்நாட்". அதனால கூடுதல் தகவல்னு இருக்கிற கட்டத்துல ராம்நாட்னு போடணும். திருமயம், அரிமளம் பக்கத்து ஆளுகளுக்கு அதுவும் வேலைக்காகாது, அவுக ஊரு அப்ப தொண்டைமான் சமஸ்தானம், 1948ல தான் இந்தியாவோட சேந்துச்சு, அதனால அவுக புதுக்கோட்டைன்னு தேடிப் பாக்கணும், அதுலயும் பழைய ஸ்பெல்லிங் வேற. ஊர், தாலுகா, அப்பா பேரு, சம்சாரம் பேரு இதெல்லாம் ரெண்டாவது போர் ஆளுக நிறையப் பேருக்கு அந்தக் கூடுதல் தகவல்ல இருக்கும். நான் பேர விட்டுட்டு, வெறும் ராம்நாட், இந்தியன் ஆர்மி, ரெண்டாவது போருன்னு மட்டும் போட்டு வந்த லிஸ்ட்ட முழுசா டவுன்லோட் பண்ணி, ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சேன். மூணாவது நாளு அப்பத்தாவோட அப்பா பேரு கண்ணுல பட்டுச்சு. அதுக்குப் பக்கத்துல எங்க ஊரு, தப்பும் தவறுமா ஒரு ஸ்பெல்லிங்ல, ஆனா எங்க ஊருதான்.

நம்ம ஆளுக முக்கியமா எங்கெங்க இருந்தாகன்னா மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற இன்ஜினியர் படை, மெட்ராஸ் ரெஜிமெண்ட், ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்ங்கிற சப்ளைப் படை, பயனியர் கோர்ங்கிற உடலுழைப்புப் படை. பேரு இருக்கிற இடமும் பல நாட்டுல சிதறிக் கெடக்கு. மலேயா, சிங்கப்பூர்ல போனவுக கிராஞ்சியில இருக்கிற சிங்கப்பூர் நினைவுச் சின்னத்துல, அதுல மட்டும் 24,000 பேருக்கு மேல. சிங்கப்பூர்ல பிடிபட்ட சிப்பாய்கள்ல பல பேர நியூ கினி பக்கத்துத் தீவு வரைக்கும் ஜப்பான்காரன் வேலைக்கு இழுத்துட்டுப் போனான். பர்மாவுல போனவுகன்னா ரங்கூன் நினைவுச் சின்னம், சுமார் 27,000 பேரு. மொத போருன்னா பிரான்ஸ்ல நியூ சாப்பல், மெசபடோமியாவுக்கு, அதாவது இப்பத்த ஈராக்குக்கு, பாஸ்ரா. நம்மள்ல பாதிப் பேர எரிச்சிருப்பாக, அதனால கல்லறைய எதிர்பாக்காதீக, எரிச்சவுகளுக்குன்னு தனிக் கல்லு உண்டு, பேரு அதுல இருக்கும். பாஸ்ராவ நெனச்சா வயிறு எரியுது, ஆபீசர் பேரு மட்டும் வெட்டிட்டு, ஆயிரக்கணக்கான சாதாரண இந்திய சிப்பாய்களுக்கு ரெஜிமெண்டுக்கு இத்தனை பேருன்னு வெறும் எண்ணிக்கை போட்டு விட்டுட்டாக. இப்படி நிறவேற்றுமையில விட்டுப்போனதுக்குத்தான் 2021ல கமிஷனே வெளிப்படையா மன்னிப்புக் கேட்டுச்சு. விட்டுப்போன பேர இப்பவும் சேக்குறாக.

வெப்சைட்ல பேரே இல்லன்னா? நேரா கமிஷனுக்கு எழுதலாம், எங்க ஆள விட்டுட்டீக சேருங்கன்னு. ஃபீஸ் இல்ல, வாரிசு சர்டிஃபிகேட்டும் தேவையில்ல, யாரு வேணாலும் கேஸ் குடுக்கலாம். ஆனா ரெண்டு விஷயத்துக்கு ஆதாரம் வேணும்: ஆளு படையில இருந்தாரு, அந்தத் தேதிக்குள்ள இறந்தாரு. வீட்டுல ட்ரங்குப் பெட்டி, மச்சுல கெடக்குற பழைய கட்டு எல்லாத்தையும் ஒரு தடவ கொட்டிப் பாருங்க. தந்தி, பென்ஷன் தாளு, மணியார்டர் துண்டு, அதுல நம்பரும் யூனிட்டும் இருந்தா அதிர்ஷ்டம். மொத போர் மெடலா இருந்தா விளிம்புல பொடி எழுத்துல நம்பரும் பேரும் வெட்டியிருக்கும், லென்ஸ் வச்சுப் பாருங்க. உள்ளங்கை அகலத்துல, அஞ்சு இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியா வட்டமா ஒரு வெண்கலத் தகடு, சிங்கமும் ஒரு பொம்பள உருவமும் இருந்தா அது மொத போர்ல செத்தவுக குடும்பத்துக்கு மட்டும் குடுத்தது, எடைக்குப் போட்றாதீக தயவுசெஞ்சு. ஒரிஜினல எங்கயும் அனுப்பாதீக, ஸ்கேன் போதும்.

தாலுகா ஆபீஸ்ல, பஞ்சாயத்துல இறப்புப் பதிவு தேடி அலையாதீக. வெளிநாட்டுல செத்தவுக சாவு ஊர்ப் பதிவேட்டுல ஏறியிருக்காது, நான் ஒரு வருஷம் அதுல வீணாக்குனேன். போக வேண்டியது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், சிவகங்கையில இருக்கு, புதுக்கோட்டைக்காரவுகளுக்கு அங்கயே தனியா உண்டு. எந்தப் படையோட ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதணும்னு அவுகள கேக்கலாம். சாப்பர்ஸ்னா பெங்களூர், மெட்ராஸ் ரெஜிமெண்ட்னா நீலகிரி வெலிங்டன்.

ரெக்கார்ட் ஆபீஸ்ல "பேப்பர அழிச்சிட்டோம்"னு பதில் வரும், அது பொய்யில்ல. பென்ஷன் இல்லாத ஆளோட பேப்பர 25 வருஷம், பென்ஷன் உள்ளவுகளுக்கு 50 வருஷம்தான் வைப்பாக. ஆனா லாங் ரோல்னு ஒரு பெரிய பதிவேடு இருக்கு, அத அழிக்கக் கூடாது. அதனால "சர்வீஸ் ரெக்கார்ட் குடுங்க"ன்னு கேக்காம "லாங் ரோல்ல இருக்கிற பதிவோட நகல் குடுங்க"ன்னு கேளுங்க, இந்த ஒரு வார்த்தை தெரியாம எத்தனையோ பேரு திரும்பி வந்திருப்பாக. பதில் வரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல மனு, 10 ரூபாய், ஆன்லைன்லயே போடலாம், 30 நாள்ல பதில் சொல்லணும். தனிநபர் விவரம் தரமாட்டோம்னு சொன்னா 8(3) பிரிவ எடுத்துச் சொல்லுங்க, 20 வருஷத்துக்கு மேல பழசான விஷயத்துக்கு அந்தக் காரணம் செல்லாது. டெல்லியில யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷன்ல படை வரலாற்று ஆராய்ச்சி மையம் ஒண்ணு இருக்கு, நம்பர், யூனிட் கைல இருந்தா அங்கயும் எழுதிப் பாக்கலாம்.

ரெண்டு விதமான ஆளுகளுக்கு இந்த வழி ஒத்துவராது, நம்ம பக்கத்துல அவுகதான் அதிகம்னாலும் சொல்லாம இருக்க முடியல. மலேயா, பர்மாவுல இருந்தபடியே நேதாஜியோட ஐ.என்.ஏ.வுல சேந்தவுக கமிஷன் கணக்குல வரமாட்டாக, அவுகளுக்கு சுதந்திரப் போராட்ட வீரர் பென்ஷன் திட்டம் வேற, அது சம்சாரத்துக்கும் கல்யாணமாகாத மகளுக்கும் போகும், பேரனுக்குப் போகாது. ஐ.என்.ஏ. பேப்பர் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கு. இன்னொண்ணு சயாம் மரண ரயில், சயாம்னா இப்பத்த தாய்லாந்து, அங்க இருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்டது. 1942, 43ல அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையப் போட மலேயா தோட்டத்துல இருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகள், செத்தது பல்லாயிரம் பேரு, ஆனா அவுக சிப்பாய் இல்லங்கிறதால காஞ்சனாபுரி கல்லறைத் தோட்டத்துல பேரு கிடையாது. அந்த ரயிலுக்குப் போன வீட்டு ஆளுகளுக்கு நான் வழி சொல்ல முடியலயேங்கிறது எனக்குப் பெரிய வருத்தம்.

பேரு கெடச்சதும் அந்தப் பக்கத்துலயே சர்டிஃபிகேட் ஒண்ணு டவுன்லோட் பண்ணலாம், பிரிண்ட் எடுத்து ஃப்ரேம் போட்டு படைப்பு வைக்கிற இடத்துல மாட்டியிருக்கோம். ஒரு விஷயம் கவனிங்க, தேதி 15 பிப்ரவரி 1942ன்னு இருந்தா அது சிங்கப்பூர் சரணடைஞ்ச நாளு. காணாமப் போன பல பேருக்கு அந்த நாளையே போட்டு முடிச்சிருப்பாக, அதனால உண்மையான சாவுத் தேதி அதுதானான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. எங்க ஆளுக்கும் அதே தேதிதான். திதி பாக்கலாம்னு பழைய பஞ்சாங்கம் எடுத்துட்டுப் போயி ஐயருகிட்ட காட்டுனோம். விஷு வருஷம், மாசி, ஞாயித்துக்கிழம. அன்னைக்கு அமாவாசை.