மெதுவாக றைட் பண்ணினால் ஒலி ஒத்து வராது

அரங்கேற்ற வீடியோ தொடங்கி முதல் பத்து நிமிடம் எல்லாம் சரி. வர்ணத்துக்கு வரும்போது நட்டுவனாரின் தட்டுக்கழி பலகையில் விழுகிறது, சத்தம் ஒரு கணம் பிந்தி வருகிறது. தில்லானாவில் பிள்ளையின் கால் ஒரு பக்கம், ஜதி இன்னொரு பக்கம். கலியாணம், சாமத்திய வீடு, பாடசாலை விழா என்று திருகோணமலையில் போனில் எடுத்து இறுவட்டாக்கும் வீடியோக்களில் இந்தக் கோளாறு ஓயவே இல்லை. சொல்லப்படும் பரிகாரமும் மாறவில்லை: "எட்டு எக்ஸிலை போட்டிருப்பியள், நாலு எக்ஸிலை றைட் பண்ணிப் பாருங்கோ." எக்ஸ் என்பது வட்டில் பதியும் வேகம்.

தயவுசெய்து இந்தப் பேச்சை விடுங்கள். டிவிடிக்குள் இருக்கும் விஓபி கோப்பில் படத்தில் ஒரு துண்டு, ஒலியில் ஒரு துண்டு என்று மாறி மாறி அடுக்கியிருக்கும். எதை எப்போது காட்டுவது, எதை எப்போது ஒலிப்பது என்ற நேரக்குறியும் அதிலேயே இருக்கிறது. றைட்டர் அந்தக் கோப்பை அப்படியே வட்டில் பதிகிறது, அவ்வளவுதான். வட்டில் பழுதென்றால் படம் உறையும், கட்டம் கட்டமாக உடையும், பிளேயர் துள்ளிப் போகும். ஒரு மணித்தியாலத்தில் ஒலி மட்டும் மெல்ல மெல்ல விலகிப் போகாது. விலை கூடிய வட்டு வாங்கினாலும், லென்ஸைத் துடைத்தாலும், 2 எக்ஸுக்கு இறக்கினாலும் பிழையான நேரக்குறி பிழையாகவே பதிவாகும். சந்தேகமா? றைட் பண்ண முன்னர் வன்தட்டில் உள்ள வீடியோ டிஎஸ் கோப்புறையை விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஓடவிட்டுப் பாருங்கள். அங்கேயே விலகியிருந்தால் வட்டின் மேல் பழி போட ஒன்றுமில்லை.

அடுத்தது, எந்த வகை விலகல் என்று பிரித்தறிய வேண்டும். தேங்காய் உடைக்கும் இடம், தட்டுக்கழி விழும் இடம், கைதட்டல் என்று தெளிவான சத்தம் உள்ள மூன்று இடங்களைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் எடுத்துப் பாருங்கள். மூன்றிலும் ஒரே அளவு என்றால் வேலை சுலபம். விஎல்சியில் ஜே, கே விசைகள் ஒலியை 50 மில்லிசெக்கன் வீதம் முன்னும் பின்னும் நகர்த்தும். எந்த எண்ணில் ஒத்து வருகிறதோ, அதை அவிடெமக்ஸ் என்ற வீடியோ திருத்தும் மென்பொருளின் ஒலி நகர்த்தும் பெட்டியில் போட்டுச் சேமித்தால் சரி. போகப் போகக் கூடும் விலகலுக்கு இதைச் செய்யாதீர்கள். நடுப்பகுதி ஒத்து வரும், இரண்டு முனையும் கெடும்.

கூடிக்கொண்டு போகும் விலகலுக்குப் பெரும்பாலும் காரணம் போன்தான். வெளிச்சம் குறைந்தால் போன் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். செக்கனுக்கு 30 ஃபிரேம் என்று தொடங்கியது 24க்கும் இறங்கும், விளக்கு போட்டதும் ஏறும். மாற்றும் மென்பொருள் இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் 30 என்று எண்ணிவிட்டால் படம் சுருங்கும், ஒலி அதே நீளத்தில் இருக்கும். சராசரி 29.4 என்றாலே ஒரு மணித்தியாலத்தில் 72 செக்கன் வித்தியாசம்.

கோப்பின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் அதைத் திறந்து ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் (மாறிக்கொண்டிருப்பது) என்றிருந்தால் நேரே டிவிடி மென்பொருளுக்குக் கொடுக்கக் கூடாது. வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் வீடியோப் பகுதியில் 25 என்று தெரிந்து, கொன்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட் என்பதைக் குறியுங்கள். தரத்துக்கான ஆர்எஃப் எண் 18. ஒலிப் பகுதியில் 48 கிலோஹேர்ட்ஸ், ஏனென்றால் டிவிடி வீடியோவில் 44.1க்கு இடமில்லை. வரும் கோப்பைத்தான் டிவிடி செய்யும் மென்பொருளான டிவிடிஸ்டைலரில் பால் (PAL) என்ற இங்குள்ள ரீவி முறையில், 720க்கு 576 அளவில், ஏசி3 வகை ஒலியோடு போட வேண்டும். 30இலிருந்து 25க்கு வரும்போது கமராவைத் திருப்பும் காட்சிகளில் சிறு உதறல் தெரியும். அது வேறு விஷயம், ஒலி விலகாது.

பல துண்டுகளாக எடுத்ததென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியே இப்படி மாற்றிய பிறகே சேருங்கள். ஏவிஐ வகைக் கோப்புக்குள் விபிஆர் (பிட்ரேட் மாறும்) எம்பி3 ஒலி இருந்தால் முதலில் அதை வேவ் வகை ஒலிக் கோப்பாக்குங்கள். பழைய விஎச்எஸ் நாடா என்றால், கணினியில் பதிவு செய்யும்போதே தவறிய ஃபிரேம்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே போனால் நிறுத்தி மறுபடி தொடங்குவதே நல்லது.

மண்டபத்தின் பின் சுவரோடு நின்று கமராவின் மைக்கிலேயே ஒலியை எடுத்தவர்களுக்கு ஒன்று. 30 மீற்றர் தூரம் கடந்து வர ஒலிக்குக் கிட்டத்தட்ட 0.09 செக்கன் எடுக்கும். அதாவது 25 ஃபிரேம் கணக்கில் இரண்டு ஃபிரேம், எடுக்கும்போதே பிந்திவிட்டது. மாற்றியவரைக் குறை சொல்லாதீர்கள்.

கனடாவில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்பும் வட்டைத் தனியாக என்டிஎஸ்சி என்ற அங்குள்ள ரீவி முறையில், 29.97 ஃபிரேமில் செய்யுங்கள். அங்குள்ள பல பிளேயர்கள் பால் வட்டை எடுக்காது. லண்டனுக்குப் பால் போதும். அவர்கள் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினால் டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் நசுங்கித்தான் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வட்டு கைக்கு வந்ததும் போனில் இடமில்லையென்று மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துத் திருப்திப்படாமல், வீட்டு ரீவியில் இறுதிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். மூலம் போய்விட்டால், மிஞ்சிய வட்டில் ஒலியை ஒரே சீராக இழுத்தும் சரிசெய்ய முடியாது. வெளிச்சம் மாறிய இடமெல்லாம் விலகலின் வேகமும் மாறியிருக்கும். உருப்படி உருப்படியாக வெட்டி, ஒவ்வொன்றையும் காதால் கேட்டுக் கேட்டுத்தான் பொருத்த வேண்டும்.