தீக்காய வார்டுக்கு பெயின்ட் வாங்கும் முன்பு

"டாக்டர், சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம்?"

தீக்காயப் பிரிவைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று முன்வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். அரசு மருத்துவமனைகளில் பல வருடமாக பிளாஸ்டிக் சர்ஜனாக வேலை பார்க்கிறேன். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை, காரை பெயர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நாற்பது நாள் படுத்திருப்பது கொடுமைதான். ஆனால் கலரைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைப் பற்றி.

தோல் போன உடம்புக்குக் கிருமியைத் தடுக்க வேறு அரண் கிடையாது. டிரெஸ்ஸிங் மாற்றும்போது புண்ணைக் கழுவ வேண்டும், ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவரிடம் போகும் முன் சிஸ்டர் கை கழுவ வேண்டும், படுக்கை, தரை, டிரெஸ்ஸிங் டேபிள் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். சூடோமோனாஸ் என்கிற கிருமிக்கு ஈரம் இருந்தால் போதும், குழாய் வாயிலும் சிங்கின் கழிவுத் துளையிலும் குடியேறிவிடும். புண்ணில் பச்சை நிறம் தெரிந்தாலே எங்களுக்கு வயிறு கலங்கும், வேறு இடத்துத் தோலை எடுத்துக் கஷ்டப்பட்டு வைத்த தோல் ஒட்டு இரண்டே நாளில் கரைந்துபோவதைப் பார்த்திருக்கிறோம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு வார்டில் ஒரு குழு வந்து எட்டு வாஷ்பேசின் வைத்துக் கொடுத்தது. பளபளப்பான திருகு குழாய்கள். மாடியில் இருந்த டேங்க் மட்டும் பழையது, மூடிகூடக் கிடையாது, காலை பத்து மணிக்கே தண்ணீர் தீர்ந்துவிடும். போதாததற்கு, அழுக்குக் கையால் திருகித் திறந்து, கழுவிய கையால் அதே திருகைத் தொட்டு மூட வேண்டியிருந்தது. முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாய் கொஞ்சம் விலை கூடத்தான். எட்டுக்குப் பதில் நாலு வைத்து, மிச்சப் பணத்தில் டேங்கை மாற்றியிருந்தால் எத்தனையோ புண்கள் சீக்கிரம் ஆறியிருக்கும். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டாதது நாங்கள்தானே.

அடுத்தது ஏசி. உடம்பில் பாதி வெந்தவருக்கு வெயிலில் குளுமை வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு. தோல் இல்லாத இடத்திலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும், பெரிய தீக்காயத்துக்கு அறை 28 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். இருபதில் ஓடும் ஏசிக்கு அடியில் குழந்தை நடுங்க, சிஸ்டர் அதை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பார், ஜன்னலில் வலை இல்லை என்றால் ஈ வரும். ஆகவே ஏசிக்கு முன்னால் ஜன்னல் வலை, டிரெஸ்ஸிங் ரூமுக்குச் சுடுதண்ணீர், சட்டென்று துடைக்கக்கூடிய மெத்தை உறை. ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம், அதற்கு மேலே எலி ஓடும், தூசி சேரும், கசிவு வந்தால் பூஞ்சை பிடிக்கும். வேலை நடக்கும் வாரங்களில் நோயாளிகளை வேறு வார்டுக்கு மாற்றியே ஆக வேண்டும், சுவரைச் சுரண்டுகிற தூசி திறந்த புண்ணில் இறங்கக் கூடாது.

அப்புறம் கண்ணாடி. ஒரு வார்டில் படுக்கைகளுக்கு எதிரே இருந்த வாஷ்பேசின்களுக்கு மேல் அழகுக்காகக் கண்ணாடி பதித்தார்கள். முகம் வெந்த ஒரு பெண்ணை முதல் தடவையாக நடக்க வைத்துக் கூட்டி வந்த அன்று, யாரும் தயார் செய்யாமல் அவள் தன்னைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு பல நாள் அவள் பிசியோதெரபிக்கு எழுந்திருக்கவில்லை. அந்தக் கண்ணாடிகளை அன்று சாயங்காலமே வார்டு பாய் கழற்றினார். எப்போது, யார் பக்கத்தில் இருக்கும்போது பார்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு இருந்திருக்க வேண்டும்.

நம் ஊர் தீக்காய வார்டில் இன்னொரு தேவையும் உண்டு, வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தோன்றாது. மரண வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வருவார். வாக்குமூலம் கொடுக்கும் பெண் சொல்லப்போவது கணவனைப் பற்றியாகவே இருக்கலாம், கணவன் வீட்டார் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். கதவு உள்ள ஒரு சின்ன அறை, குறைந்தது நாலு பக்கமும் மறைக்கிற திரை இருந்தால் அவள் மனம் விட்டுப் பேசுவாள். இதே காரணத்தால்தான் திறப்பு விழாவில் நோயாளிகளோடு போட்டோ எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வலியில் கிடப்பவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது.

ஆண்டுக்குச் சுமார் 1,80,000 பேர் தீக்காயத்தால் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பெரும்பாலோர் நம்மைப் போன்ற நாடுகளில். இதைக் கட்டடத்தால் மட்டும் குறைக்க முடியாது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாடு. ஜாக் முஸ்டார்டே என்ற ஸ்காட்லாந்து சர்ஜன், விரிந்த காது மடலைச் சரிசெய்ய நாங்கள் போடும் தையல் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் அங்கே வேலையைத் தொடங்கினார். கானாவின் தலைநகர் அக்ராவில், கோர்லே பூ மருத்துவமனையில் தீக்காய மையம் 1997-ல் திறக்கப்பட்டது. கட்டடத்தோடு நிற்காமல், கானாவின் டாக்டர்களையும் நர்சுகளையும் ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், அங்கிருந்தும் சர்ஜன்கள் முறை வைத்து வந்து போனார்கள். அந்தப் பயிற்சிதான் அந்தச் சுவர்களுக்குள் உயிர் வைத்தது.

எங்கள் ஊர்க் குழுக்கள் யாரையும் ஸ்காட்லாந்துக்கு அனுப்ப வேண்டாம். ஒரு பிசியோதெரபிஸ்டின் ஒரு வருடச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளலாம், கழுத்தும் கையும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் எத்தனையோ பேர் வீடு திரும்புவார்கள். பள்ளிகளுக்குப் போய், சுட்டால் உடனே இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், பேஸ்ட், பேனா மை, மாவு எதுவும் தடவாதீர்கள் என்று சொல்லலாம்.

போன மாதம் ஒரு பழைய மாணவர் சங்கம் போன் செய்தது. வழக்கமான கலர் கேள்விதான். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள், டிரெஸ்ஸிங் ரூம் வாசலில் ஒரு மணி நேரம் நில்லுங்கள், அப்புறம் சிஸ்டரிடமும் துப்புரவு அம்மாவிடமும் பேசுங்கள், அதற்குப் பிறகு என்னிடம் வந்தால் போதும் என்றேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பாதியிலேயே வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் துப்புரவு அம்மா பின்னாலேயே மாடிக்கு ஏறிப் போய், டேங்கை எட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே தனக்குத் தெரிந்த பிளம்பருக்குப் போன் போட்டார்.